நாள்காட்டியில் பூத்த வயல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாள்காட்டிப் படம் ஓர் ஊரின் பிழைப்பையே மாற்றியது. ஊர், ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள நகாஃபுரானோ. பயிர், லாவெண்டர்.

1958-இல் டொமிட்டா தடாவோ என்ற விவசாயி அங்கே லாவெண்டர் பயிரிடத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அந்தப் பூவை வேடிக்கை பார்க்க யார் வந்தார்கள்? கதிரை அறுப்பார்கள், நீராவியில் வடித்து எண்ணெய் எடுப்பார்கள், வாசனைத் திரவிய நிறுவனங்களுக்கு விற்பார்கள். அவ்வளவுதான் வியாபாரம். 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து குவிந்தது. செயற்கை வாசனையும் சேர்ந்துகொள்ள, கொள்முதல் நின்றேபோனது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் செடியை உழுது மடக்கிவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். டொமிட்டாவுக்கு மட்டும் மனசு வரவில்லை. நெல் விளைவித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, லாவெண்டரை அப்படியே வைத்திருந்தார். கணக்குப் பார்த்தால் அது முட்டாள்தனம்தான்!

1976-இல் ஜப்பான் தேசிய ரயில்வே தன் நாள்காட்டியில் அந்த வயலின் படத்தைப் போட்டது. முதலில் கேமராவோடு சிலர் வந்தார்கள். பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. எண்ணெய் எடுப்பவருக்குப் பதம் வந்ததும் அறுத்தாக வேண்டும். பார்க்க வருபவருக்கோ பூ செடியிலேயே நிற்க வேண்டும். அதுவும் லாவெண்டர் உச்சத்தில் இருப்பது ஜூலையில் சில வாரங்கள்தான். ஆகவே முன்னே பூப்பது, பின்னே பூப்பது என்று நான்கு ரகங்களை வைத்துப் பருவத்தை இழுத்துப் பிடிக்கிறார்கள். அதுவும் போதாமல் பாப்பி, சால்வியா என்று வேறு பூக்களையும் வரிவரியாக நட்டிருக்கிறார்கள். சுத்த லாவெண்டர் பிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பஸ் பிடித்து வந்தவரை வெறுங்கண்ணோடு திருப்பி அனுப்ப முடியுமா?

பண்ணைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. சோப்பு, நறுமணப் பை, ஊதா நிற ஐஸ்கிரீம் ஆகியவற்றில்தான் காசு. கூட்டத்துக்காக 1999-இல் ஒரு ரயில் நிலையமே திறந்தார்கள். பெயர் 'லாவெண்டர் வயல்'. பூக்காலத்தில் மட்டும் ரயில் நிற்கும். மற்ற மாதங்களில் கடந்து போய்விடும்.

நாள்காட்டியில் வந்த அந்தச் சரிவு வயல் இன்னும் இருக்கிறது. எண்ணெய் வடிக்கும் வேலையும் நிற்கவில்லை. வருகிறவர்கள் இப்போது அதையும் நின்று பார்க்கிறார்கள்.

வணக்கம்.