கதவு பூட்டியிருந்தால்தான் காதல்: வாம்பயர் கதைகளைப் பெரியவர்கள் வாசிப்பது பற்றி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ரத்தம் குடித்து வாழும் வாம்பயர்களும் ஓநாய் மனிதர்களும் காதலிக்கிற கதைகளை நாற்பது வயதில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. புத்தக விற்பனையை ஆராயும் பவ்கர் என்ற அமெரிக்க நிறுவனம் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியாகும் யங் அடல்ட் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதை எட்டியவர்கள். அதிலும் 30 முதல் 44 வயதுக்காரர்கள்தான் பெரிய கூட்டம். பிள்ளைகளுக்காக வாங்கியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்ல வழியில்லை. பெரும்பாலும் தாங்களே படிக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள். எனவே அட்டையை மறைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? தடை இருக்கிறது. காதல் கதை நகர வேண்டுமென்றால் இருவருக்கும் நடுவே ஏதாவது நின்றாக வேண்டும். இன்றைய அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குள் வரும் சிக்கல் முக்கால்வாசி ஒரு போன் பேச்சில் தீர்ந்துவிடும். பாராநார்மல் ரொமான்ஸ், அதாவது இப்படி அமானுஷ்யர்களைக் காதலிக்கும் கதைகளை எழுதுபவர்கள் தடையைக் காதலனின் உடம்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். இரவில் வரும் தலைவனுக்கு இடைஞ்சலாகக் காய்கிறதே என்று நிலவையே கடிந்துகொள்ளும் குரல் குறுந்தொகையில் உண்டு. அங்கே வானத்தில் இருந்த தடை, இங்கே ரத்தத்தில்.

அந்தத் தடைக்கு ஒரு விதி வேண்டும், விதியை மீறினால் ஒரு விலை வேண்டும். இந்த வகையில் நல்லது எது, சோடை எது என்பதெல்லாம் இதில்தான்.

மேகி ஸ்டீஃப்வாட்டரின் ‘ஷிவர்’ (2009) மின்னசோட்டாவில் நடக்கிறது. ஓநாயாக மாற அதில் பௌர்ணமி வேண்டாம், குளிர் போதும். கோடையில் நாயகன் சாம் மனிதன். குளிர் ஏறினால் ஓநாய். மனிதனாக இருக்கும் காலம் வருடா வருடம் சுருங்கும், கடைசியில் திரும்பி வரவே முடியாது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும், சொல்பவரின் பெயரோடு அப்போதைய வெப்பநிலையும் ஃபாரன்ஹீட்டில் அச்சாகியிருக்கும். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள், கதையின் கடிகாரமே அதுதான். அந்த எண் 32ஐ நெருங்குகிறதென்றால் தண்ணீர் உறையும் குளிர் என்று பொருள். அப்போது கார் ஹீட்டர்கூட உயிர் காக்கும் சாமான். நாயகி கிரேஸ் சிறுவயதில் ஓநாய்களிடம் கடிபட்டவள், ஆனாலும் மாறவில்லை. ஏன்? அவளை அப்பா ஒருமுறை கொதிக்கும் காருக்குள் மறந்துவிட்டுப் போன சம்பவம் ஒன்று வருகிறது. பெற்றோரின் அலட்சியத்துக்குச் சான்றாகத் தெரியும் அதற்குள்தான் விடையும் இருக்கிறது. விதியை இவ்வளவு கெட்டியாக நெய்தவர்கள் குறைவு.

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) வாம்பயர்கள் வெயிலில் மினுக்குவதைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. ஆனால் அந்த மினுக்கலும் ஒரு விதியே. வெயில் பட்டால் குட்டு உடையும். அதனால்தான் அந்தக் குடும்பம் வாஷிங்டன் மாநிலத்தில், மழை ஓயாத ஃபோர்க்ஸ் ஊரில் குடியிருக்கிறது. சரிவு வேறோர் இடத்தில். புதிதாக வாம்பயரானவருக்கு ரத்த வெறி அடங்க வருடக்கணக்காகும் என்று முன் புத்தகங்கள் பயமுறுத்துகின்றன. நான்காவதான ‘பிரேக்கிங் டான்’ (2008) வந்ததும், வாம்பயராக மாறிய நாயகி பெல்லா அந்த வெறியை எடுத்த எடுப்பிலேயே அடக்கிவிடுகிறாள். விலையைச் சொல்லிவிட்டு முழுத் தள்ளுபடி! படித்து முடித்ததும் ஏதோ ஏமாந்த மாதிரி இருக்கிறதே என்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

பெரியவர்களின் கண்ணுக்கு இன்னொன்றும் படும். ‘ட்வைலைட்’டின் நாயகன் எட்வர்ட் 1918இல், இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயில் சாகக் கிடந்தபோது பதினேழு வயதில் வாம்பயராக மாற்றப்பட்டவன். பெல்லாவின் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினாறு வயதில் அது பரவசம்; பெண்ணைப் பெற்றவருக்கு அது போலீஸ் புகார். இரண்டும் சேர்ந்தே வரட்டும். எரிச்சல் வந்தால் ரசனை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

புதிதாக ஒன்றை எடுக்கிறீர்களா? ஐம்பது பக்கம் படியுங்கள். விதி என்ன, மீறினால் யார் விலை கொடுப்பார் என்பதற்குக் குறிப்பாவது கிடைக்க வேண்டும். காதலனைத் தவிர நாயகிக்கு வேறு வேலை இருக்கிறதா என்றும் பாருங்கள். “நான் ஆபத்தானவன், என்னை விட்டு விலகிப் போ” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்து, நூறு பக்கம் தாண்டியும் ஓர் ஆபத்தும் நடக்கவில்லையென்றால் மூடிவைத்துவிடலாம். முக்கோணக் காதலுக்கும் இதே சோதனைதான். மூன்றாவது ஆள் அந்த விதியோடு சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் நிரப்ப வந்தவர்.

தொடர்களில் இரண்டாம் புத்தகத்தில் ஜோடியைப் பிரிப்பது வழக்கம். பலர் கைவிடுவதும் அங்கேதான். ‘ட்வைலைட்’ தொடரின் இரண்டாவதான ‘நியூ மூன்’ (2006) அதைச் செய்த விதத்தைப் பாருங்கள்: எட்வர்ட் போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சான பக்கங்கள் வருகின்றன, வேறொரு சொல் இல்லை. மின்நூலில் படிப்பவர்கள் கோப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து விரலால் தள்ளிவிட வேண்டாம்.

கடைசியாக, படிக்கும் வரிசை. இரு புத்தகங்களுக்கு நடுவே வருவதாக 1.5, 2.5 என்று எண்ணிட்ட குறுநாவல்களை அந்தந்த இடத்தில் படிக்கலாம், விட்டாலும் பெரும்பாலும் குடி முழுகாது. ஆனால் எட்வர்டின் பார்வையில் ‘ட்வைலைட்’ கதையையே சொல்லும் ‘மிட்நைட் சன்’ (2020) நூலை முதலில் எடுக்காதீர்கள். ஊரார் மனதையெல்லாம் படிக்கிற அவனுக்குப் பெல்லாவின் மனம் மட்டும் பிடிபடாது. ‘ட்வைலைட்’டில் அவள் கதை சொல்லும்போது நமக்கு அவன் மனம் பிடிபடாது. அவன் பக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டால் ‘ட்வைலைட்’டின் முதல் பாதியில் நமக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சாது.