நள்ளிரவிலும் கரன்ட் தின்னும் டிரான்ஸ்பார்மர்: அடக்க ஒரு தாறுமாறான இரும்பு!

வணக்கம் மக்களே! பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டம், ராத்திரி இரண்டு மணி. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. ஆனாலும் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் கரன்ட் தின்றுகொண்டே இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் இரும்புக் கோர்தான் காரணம். அந்தக் கோரை மட்டும் மாற்றினால் இந்த வெட்டிச் செலவு 60, 70 சதவீதம் வரை குறையும். மாற்றப்போவது அமார்ஃபஸ் இரும்பு, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்காமல் தாறுமாறாகக் கிடக்கும் இரும்பு.

வரலாறு ஒரே மூச்சில்: 1960, அமெரிக்காவின் கால்டெக் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். பால் டுவெஸ் குழு தங்கம்-சிலிக்கான் உருக்கை வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிரவைத்தது. அணுக்கள் அடுக்காக அமைவதற்குள் உறைந்துவிட்டன. இரும்புக் கலவையிலும் இதே வித்தைதான். அவ்வளவுதான், வாங்க.

பர்கூர் பக்கம் கிரானைட் கம்பெனியில் பாலிஷ் போட்ட பலகையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பும் வெள்ளையுமாகப் படிகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓரம். சாதாரண இரும்பும் உள்ளே இப்படித்தான். கோரில் காந்தம் வினாடிக்கு 50 சுற்று புரள வேண்டும். புரளும்போதெல்லாம் அந்த ஓரங்களில் சிக்குகிறது, சிக்கினால் சூடு. அமார்ஃபஸில் படிகமே இல்லை, சிக்க ஓரமும் இல்லை!

அப்புறம் மின்தடை. வழக்கமான கோரில் இருக்கும் சிலிக்கான் ஸ்டீலில் சுமார் 50 மைக்ரோ-ஓம் சென்டிமீட்டர், அமார்ஃபஸில் 130. எலக்ட்ரான் நேராக ஓட வழியில்லை, அணுவுக்கு அணு முட்டுகிறது. கோராகச் சுற்றும் அமார்ஃபஸ் நாடாவின் கனமும் 0.025 மில்லிமீட்டர்தான். கோருக்குள் வீணாகச் சுழலும் மின்னோட்டம் சுருங்கிவிடுகிறது. கடத்துவதில் மட்டம் என்பதே இங்கே தகுதி!

இன்னொரு கூத்து: செம்பைச் சூடாக்கினால் மின்தடை ஏறும். தடை 150 மைக்ரோ-ஓம் சென்டிமீட்டரைத் தாண்டிய தாறுமாறான கலவைகளிலோ பெரும்பாலும் இறங்குகிறது. மூய் என்பவர் 1973-இல் காட்டிய விதி இது.

சரி, இந்தத் தாறுமாறு கலையாமல் நிற்பது எப்படி? 1975-இல் நேகல், டவ்ட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கைகாட்டியது எலக்ட்ரான்களை. அவற்றின் அலைநீளம் அணுக்களின் சராசரி இடைவெளியோடு பொருந்தும் கலவையில் மொத்த ஆற்றல் தணிகிறது, படிகமாக மாறும் அவசரமும் குறைகிறது. எல்லாக் கலவைக்கும் இது சரிவரவில்லை. ஆனாலும் முட்டி மோதும் எலக்ட்ரானே முட்டுக்கொடுக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை.

டிரான்ஸ்பார்மரில் போடும் அமார்ஃபஸ் இரும்பு சுமார் 500 டிகிரியில்தான் படிகமாகும். எண்ணெய்ச் சூடு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

குறையும் உண்டு. தாங்கும் காந்தப்புலம் 1.56 டெஸ்லாதான், சிலிக்கான் ஸ்டீலோ 2 வரை போகும். அதனால் கோர் பெரிதாகும், முனகலும் கூடும், பதப்படுத்திய நாடா பட்டென்று உடையும். ஓசூரில் கோர் வேலை பார்க்கிற அண்ணன்மாரே, இதைக் கையாள என்ன வித்தை வைத்திருக்கிறீர்கள்? கமென்டில் போடுங்கள், மறக்காமல் சப்ஸ்கிரைபும்!