சினை ஊசிக்கு முன் காளை எண்ணைக் கேளுங்கள்

விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

மாடு பருவத்துக்கு வந்ததும் சினை ஊசி போடுபவருக்குப் போன் போகிறது. "நல்ல ஊசியாப் போடுங்க" என்று மட்டும் சொல்கிறோம். எந்த இனம், எந்தக் காளை என்று கேட்பதில்லை. அவரும் தன்னிடம் இருப்பதைப் போட்டுவிட்டுப் போகிறார். அந்த ஊசியில் பிறக்கும் கிடேரி இரண்டரை, மூன்று வயதில் கறவைக்கு வந்து, அதற்கப்புறம் ஐந்தாறு ஈத்து நம் தொழுவத்தில் நிற்கப்போகிறது. அதன் குணத்தில் பாதி காளையுடையது. நூறு மாடு உள்ள பண்ணையில் ஒரு கிடேரி சோடை போனால் கணக்கில் தெரியாது. மூன்று மாடு வைத்திருப்பவருக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் காளைத் தேர்வு சிறு விவசாயிக்குத்தான் அதிகம் வேண்டியது.

காளையைப் பார்ப்பதற்கு முன் மாட்டைப் பாருங்கள். அதில் எத்தனை பங்கு சீமை ரத்தம், அதாவது ஜெர்சி போன்ற வெளிநாட்டு இனத்தின் பங்கு இருக்கிறது? நாட்டுப் பசுவுக்குச் சுத்த ஜெர்சி போட்டால் கன்று 50 விழுக்காடு. அந்தக் கிடேரிக்கு மறுபடி சுத்த ஜெர்சி போட்டால் 75. அதற்கும் அதையே போட்டால் 87.5. விழுக்காடு ஏற ஏறப் பாலும் ஏறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தீவனம் வாங்கிப் போடவும் மின்விசிறி ஓட்டவும் முடிந்த இடத்தில் அது ஓரளவு உண்மை. வேப்பமரத்து நிழலில் கட்டி, வைக்கோலும் வரப்புப் புல்லும் போடும் இடத்தில் அந்த மாடு சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், உண்ணிக் காய்ச்சலில் படுக்கும், சினை பிடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். சமவெளியில் 50 முதல் 62.5 வரை நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதற்கு வழி கலப்பினக் காளை. 50 விழுக்காடு மாட்டுக்கு 50 விழுக்காடு ஜெர்சி கலப்பினக் காளை போட்டால் கன்றும் 50 அளவிலேயே நிற்கும். 75 உள்ள மாட்டுக்கு அதே காளை போட்டால் 62.5-க்கு இறங்கும்.

சந்தையில் வாங்கிய மாட்டுக்குப் பூர்வீகம் தெரியாது. திமில் கொஞ்சம் எழும்பி, கழுத்துக்குக் கீழே அலைதாடி தொங்கினால் நாட்டு ரத்தம் கணிசமாக இருக்கிறது. முதுகு நேர்கோடாக, திமிலே இல்லாமல், நெற்றி குழிந்து இருந்தால் ஜெர்சி பங்கு அதிகம். இது உத்தேசம்தான், ஆனால் ஒன்றும் தெரியாததற்கு இது மேல்.

அடுத்து இனம். தமிழ்நாட்டு இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் என்ற அடிப்படையில் அமைந்தது. காரணம் வெயில் மட்டுமில்லை. ஃப்ரீசியன் பெரிய உடம்பு. மாடு தன் எடையில் 100 கிலோவுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ உலர்பொருள் (தண்ணீரைக் கழித்த தீவன எடை) தின்ன வேண்டும். 350 கிலோ ஜெர்சி கலப்புக்குப் பத்து கிலோ போதும். 500 கிலோ ஃப்ரீசியன் கலப்புக்குப் பதினைந்து வரை வேண்டும். அதைக் கொடுக்க முடியாவிட்டால் பாலும் வராது, மாடும் தேயும். பால் சொசைட்டியில் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான் காசு தருகிறார்கள். ஜெர்சிப் பாலில் கொழுப்பு 4.5 முதல் 5 வரை போகும், ஃப்ரீசியனில் 3.5-ஐ ஒட்டி நிற்கும். லிட்டரை மட்டும் எண்ணிக் காளை கேட்பவர்கள் சொசைட்டி ரசீதையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.

இப்போது கிர் ஊசி, சாகிவால் ஊசி கேட்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். நல்ல வடநாட்டுக் கறவை இனங்கள்தான். ஆனால் 75 விழுக்காடு ஜெர்சிக்குக் கிர் போட்டால் கன்றில் சீமை ரத்தம் 37.5-க்கு இறங்கும். கிடேரி பருவத்துக்கு வர நாளாகும், கன்று விடாமல் பால் சுரக்க அடம் பிடிக்கலாம். தெரிந்து போட்டால் சரி. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி வைத்திருப்பவர்கள் அந்தந்த இனக் காளையையே போடுங்கள். உழவு, வண்டி, காளைக்கன்று விற்பனை என்று அந்த மாட்டின் வருமானம் வேறு. அதில் ஜெர்சியைக் கலந்தால் இரண்டும் கெடும்.

இனம் முடிவானதும் குச்சிக்கு வருவோம். உறைவிந்துக் குச்சி சுமார் 13 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே கால் மில்லி விந்து. அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்: விந்து நிலையத்தின் குறியீடு, காளையின் எண், இனம், விந்து எடுத்த தேதி. நமக்கு வேண்டியது காளை எண். ஜெர்சி என்ற பெயர் ஒன்றுதான், அதற்குள் பாலை ஏற்றும் காளையும் உண்டு, இறக்கும் காளையும் உண்டு. ஈச்சங்கோட்டை, ஊட்டி, அலமாதி என்று எந்த நிலையத்துக் குச்சியாக இருந்தாலும் எண்ணைச் சொன்னால் அந்தக் காளையின் விவரம் கிடைக்கும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், உங்கள் உரிமை அது.

விவரத்தில் எதைப் பார்ப்பது? பலரும் பார்ப்பது தாய் மாட்டின் பால் அளவு. 305 நாள் கறவையில் இத்தனை கிலோ என்று இருக்கும். 3,000 கிலோ என்றால் நாளுக்குச் சராசரி பத்து லிட்டர் மாதிரி. இது ஒரு தகவல், அவ்வளவே. அந்தத் தாய் நல்ல தீவனத்தில் கறந்திருக்கும். பால் அளவில் பரம்பரையின் பங்கு சுமார் கால்வாசிதான், மீதி தீவனமும் பராமரிப்பும். அதைவிட நம்பக்கூடியது மகள் மாடுகளின் பாலை அளந்து கணித்த இனவிருத்தி மதிப்பு. ஒரு காளைக்குச் சராசரியைவிட 300 கிலோ கூடுதல் என்று போட்டிருந்தால், மகளுக்குப் போவது அதில் பாதி, 150 கிலோ. பக்கத்திலேயே நம்பகத்தன்மை என்று ஒரு விழுக்காடு இருக்கும். மகள்கள் நிறையப் பேர் கறந்திருந்தால் அது உயரும். மரபணுச் சோதனையில் தேர்வான இளங்காளை என்றால் நம்பகத்தன்மை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாட்டுக்கும் ஒரே இளங்காளையைப் போடாமல் பிரித்துப் போடுங்கள். கொழுப்பு அளவு, மடி அமைப்பு இருந்தால் அதையும் கேளுங்கள். மடி தொங்கும் மாட்டுக்கு மடி நன்றாக அமைந்த வம்சத்துக் காளை வேண்டும்.

ஊர்ப் பொலிகாளைக்கு விட்டால் இதில் எதுவுமே தெரியாது. அத்தோடு ட்ரைக்கோமோனாஸ், விப்ரியோ போன்ற நோய்கள் காளை மூலம் மாட்டுக்கு மாடு பரவும். சினை பிடிக்காது, பிடித்தாலும் சில மாதத்தில் கலையும். விந்து நிலையக் காளைகளுக்கு இவற்றோடு காசநோய், ஜோன்ஸ் நோய், புருசெல்லாவுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதனை உண்டு.

இனி, சிறு மந்தையில் அதிகம் நடக்கும் கோளாறு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் விந்து வருடக்கணக்கில் கெடாது, காளை செத்த பிறகும் குச்சி வந்துகொண்டிருக்கும். மூன்று வருடம் முன்பு தாய்க்குப் போட்ட அதே காளை, இன்று மகளுக்கும் போய்விடுகிறது. தகப்பனும் மகளும் சேர்ந்த கன்றின் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய ரத்த உறவுக் கலப்பு) 25 விழுக்காடு. கன்று நோஞ்சானாகும், பருவம் தள்ளும், சினைப்பிடிப்பு குறையும். தடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கித் துடைத்து, அந்த மாட்டின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்தில் காது வில்லையின் 12 இலக்க எண், தேதி, நேரம், போட்டவர் பெயர். அடுத்த தலைமுறைக்கு ஊசி போடும்போது பழைய பக்கத்தைப் புரட்டினால் போதும்.

முதல் ஈத்துக் கிடேரிக்குத் தனிக் கவனம். வயதைவிட எடை முக்கியம். ஜெர்சி கலப்பு 220 முதல் 250 கிலோ வந்த பிறகே ஊசி. தராசு வேண்டாம், டேப் எடுங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனை வரை நீளம், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, இரண்டும் அங்குலத்தில். சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. 48 அங்குல நீளம், 56 அங்குலச் சுற்று என்றால் 228 கிலோ. முதல் ஈத்துக் கிடேரிக்கு ஃப்ரீசியன் காளை வேண்டவே வேண்டாம். கன்று பெரிதாகி இடுப்பில் மாட்டிக்கொண்டால் கன்றும் போகும், கிடேரியும் போகும்.

கிடேரிக்கன்றே வேண்டும் என்பவர்களுக்குப் பாலினம் பிரித்த விந்து இருக்கிறது. பத்தில் ஒன்பது கிடேரி பிறக்கும். சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு, இதில் சுமார் 20 லட்சம்தான். அதனால் சினைப்பிடிப்பு கொஞ்சம் குறையும், விலையும் கூடுதல். ஆரோக்கியமான கிடேரிக்கும், முதல் இரண்டு ஈத்து மாட்டுக்கும், தெளிவாகப் பருவம் காட்டும்போது போடுங்கள். நாலு முறை தப்பிய மாட்டுக்குப் போடுவது வீண் செலவு.

எவ்வளவு நல்ல காளையானாலும் நேரம் தப்பினால் பயனில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்த வழும்பு தொங்கி, மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்றால் அதுதான் பருவம். காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. குச்சியை 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைத்து உருக்குகிறார்களா என்று பாருங்கள். உள்ளங்கையில் தேய்த்தோ அக்குளில் வைத்தோ உருக்கினால் அணுக்களில் பல அங்கேயே முடிந்துவிடும். உருக்கிய குச்சியைத் துடைக்காமல் நுனியை வெட்டினால் தண்ணீர் உள்ளே போகும், அதுவும் கேடுதான்.

ஊசி போட்ட 18 முதல் 24-ம் நாள் வரை காலையும் மாலையும் கவனியுங்கள். பருவம் திரும்பாவிட்டாலும் 60 நாளுக்கு மேல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூன்று ஊசி தப்பினால் காளையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை. வழும்பு கலங்கியோ சீழ் கலந்தோ இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் கருப்பையைக் காட்டுங்கள். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் பச்சைத் தீவனமும் கொடுத்து, அடுத்த பருவத்தில் போடுங்கள்.

நன்றி. வணக்கம்.