சொந்தப் பணம் கிடைத்தால் ஏன் இத்தனை சந்தோஷம்?

[திரையில்: மடித்து வைத்த பழைய சட்டை. பாக்கெட்டுக்குள் நுழையும் கை.]

பல மாதங்களாக உடுத்தாத ஒரு சட்டையை எடுத்துப் போடுகிறீர்கள். பாக்கெட்டில் கை விட்டால் ஒரு நோட்டு. முகம் மலர்ந்துவிடுகிறது. கணக்குப் பார்த்தால் இதில் ஒரு காசுகூட லாபம் இல்லை. அது உங்கள் பணம்தான். நீங்களே வைத்து, நீங்களே மறந்தது. இத்தனை நாள் எதற்கும் உதவாமல் கிடந்ததற்கு நியாயமாக எரிச்சல்தான் வர வேண்டும். ஆனால் சந்தோஷம் வருகிறது. அதே தொகை சம்பளத்தோடு சேர்ந்து வங்கிக் கணக்கில் விழுந்திருந்தால் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள்.

அந்த வகைச் சந்தோஷத்தைப் பற்றியதுதான் இந்த வீடியோ. நேரமாகிவிட்டதோ என்று பதறி விழித்து, அலாரம் அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்து மறுபடி போர்த்திக்கொள்வது. தலையணையைத் திருப்பிப் போட்டதும் கன்னத்தில் படும் குளிர்ச்சி. பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தை, காரணமே இல்லாமல் நம்மைப் பார்த்துச் சிரிப்பது. பாட்டையும் சொல்ல வேண்டும். உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும் பாட்டு, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்பதில்லை. அதுவே ரேடியோவில் தானாக வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டுகிறோம்.

இவற்றை வரிசைப்படுத்தி, தினமும் இந்த இருபதையும் செய்யுங்கள், மகிழ்ச்சி தேடி வரும் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். இது அந்த வகை இல்லை. பட்டியலில் ஏறிய மறுநாளே இவற்றில் பாதிக்கு உயிர் போய்விடும் என்பது என் கட்சி. அதற்கான காரணம் மூளைக்குள் இருக்கிறது.

[திரையில்: ஒரு நரம்பணுவின் துடிப்பைக் காட்டும் கோடு. எகிறுகிறது, சமநிலைக்கு வருகிறது, ஓர் இடத்தில் தாழ்கிறது.]

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்து ஆராய்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல் குரங்கின் வாயில் பழச்சாறு விழுந்தபோது அந்த நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. அடுத்து, சாறு தருவதற்குச் சற்று முன் ஒரு சைகை காட்டப்பட்டது. குரங்குக்கு அது பழகியபின் துடிப்பு சைகையின் பக்கம் நகர்ந்துவிட்டது. சாறு வாய்க்கு வந்த நொடியில் கூடுதல் துடிப்பு ஏதும் இல்லை. இனிப்பு குறையவில்லை, அளவு குறையவில்லை. வரும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். சைகை காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் விட்டால், அது வந்திருக்க வேண்டிய நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது.

1997இல் பீட்டர் தயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் எழுதினார். இந்த நரம்பணுக்கள் கிடைத்த பரிசை அளப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. சட்டைப் பை நோட்டின் விஷயத்தில் எதிர்பார்ப்பு பூஜ்யம். ஆகவே கிடைத்தது முழுவதும் வித்தியாசம்தான். சம்பளம் எத்தனை பெரிதாக இருந்தாலும், தேதி தெரிந்த சம்பளத்தில் வித்தியாசம் ஏதும் இல்லை. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களின் வாயில் பழச்சாற்றையும் தண்ணீரையும் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். ஒழுங்கான முறையில் வந்ததைவிட, எப்போது எது வரும் என்று ஊகிக்க முடியாமல் வந்தபோதே மூளையின் பரிசு மையங்கள் அதிகம் கிளர்ந்தன.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். டோபமைனை மகிழ்ச்சி ரசாயனம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர், டோபமைன் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளுக்கு இனிப்பைக் கொடுத்துப் பார்த்தார். அவை வழக்கம்போலவே ரசித்து உதட்டை நக்கின. தாமாகப் போய்த் தேடி உண்ணும் முனைப்புதான் அவற்றிடம் இல்லை. வேண்டும் என்ற உந்துதல் வேறு, சுவைத்து மகிழ்வது வேறு. டோபமைன் 'இதைக் கவனி' என்று தட்டி எழுப்புகிறது. இனிமை பிறக்கும் இடம் தனி.

சூதாட்ட இயந்திரங்கள் அந்தத் தட்டலை மட்டும் தனியே பிரித்தெடுத்து விற்கின்றன. எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காகக் கை நெம்புகோலை விடாது. கைப்பேசியைக் கீழ்நோக்கி இழுத்துப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதே ஜாதிதான். எதிர்பாராமை இருக்கிறது, ஆனால் மகிழ்ச்சி இருக்கிறதா? ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவரின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

[திரையில்: தலையணை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம்.]

தலையணை விஷயத்தில் வேலை செய்வது மூளையின் கணக்கைவிட உடம்பின் கணக்கு. மிஷல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1971இல் இதைத் தெளிவாக்கினார். தொட்டியில் அமர்ந்திருப்பவரின் கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்ல வேண்டும். உடம்பு சூடாக இருந்தால் அந்தக் குளிர்ச்சி சுகம். உடம்பு ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் அதே நீர், அதே வெப்பநிலை, வேதனை. இன்பம் தண்ணீரில் இல்லை. உடம்புக்கு அந்த நேரத்தில் எது தேவைப்படுகிறது என்பதில் இருக்கிறது. தேவை தீர்ந்ததும் சுகமும் முடிந்துவிடும். தலையணையின் குளிர்ந்த பக்கம் சற்று நேரத்தில் சாதாரணப் பக்கமாகிவிடுவதும் அதனால்தான். நம் தோல் நிலையான வெப்பநிலையை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. மாற்றத்தைத்தான் உடனே கவனிக்கிறது.

மழை வாசனையும் இப்படித்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் இதன் பின்னால் நடப்பது அவ்வளவு அழகு.

[திரையில்: காய்ந்த மண்ணில் விழும் ஒரு துளி, மிக மெதுவாக.]

காய்ந்த காலத்தில் தாவரங்களிலிருந்து வெளிப்படும் சில எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்துவிடுகின்றன. 1964இல் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காய்ந்த பாறைகளிலிருந்து அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து, மழை வாசனைக்கு 'பெட்ரிக்கோர்' என்று பெயரிட்டார்கள். இதோடு சேர்வது ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடித் துகள்களில் ஒரு சிலவே கலந்திருந்தாலும் மனித மூக்கு ஜியோஸ்மினைக் கண்டுபிடித்துவிடும்.

தரையில் கிடக்கும் வாசனை மூக்குக்கு எப்படி வருகிறது? 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்கள். நுண்துளைகள் நிறைந்த தரையில் துளி மோதும்போது அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது. அது குமிழிகளாகத் துளியின் ஊடே மேலேறி, உச்சியில் வெடித்து, நுண்ணிய திவலைகளைத் தூவுகிறது. அந்தத் திவலைகள் மண்ணின் வாசனையை ஏற்றிக்கொண்டு காற்றில் போகின்றன. கொட்டித் தீர்க்கும் மழையைவிட, மெல்லிய மழையிலும் மிதமான மழையிலும்தான் இது அதிகம் நடக்கிறது. அடைமழை நாளில் இந்த வாசனை வருவதில்லையே என்று யோசித்தவர்களுக்கு இது பதிலில் ஒரு பாதி. மறுபாதி நம் மூக்கு: ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதைப் பதிவதை நிறுத்திக்கொள்ளும்.

பழகிப்போதல்தான் இந்தக் கதையின் வில்லன். பிலிப் பிரிக்மேனும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரைப் பேட்டி கண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்ற முடிவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதே ஆய்வின் இன்னொரு கேள்வி. நண்பருடன் பேசுவது, ஒரு ஜோக் கேட்பது, யாரோ பாராட்டுவது, காலை உணவு உண்பது போன்றவை எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டபோது, பரிசு விழாதவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள் லாட்டரிக்காரர்கள். சிறிய குழுவிடம் நடந்த ஆய்வு, அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனாலும் ஷுல்ட்ஸின் குரங்குகளோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது. அளவுகோலை உயர்த்திவிட்டால் ஜோக்கு குள்ளமாகிவிடும்.

பழகிப்போவதை முறிக்க வழி உண்டா? லீஃப் நெல்சன், டாம் மெய்விஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையானது. மசாஜ் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். இடைவெளி கெடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் முன்கூட்டியே சொன்னார்கள். ஆனால் இடைவெளியோடு பெற்றவர்களே கூடுதலாக ரசித்தார்கள்.

இன்னொரு வழி, விளக்கம் கேட்காமல் விடுவது. திமோத்தி வில்சனும் டேனியல் கில்பர்ட்டும் அவர்கள் குழுவும் 2005இல் வெளியிட்ட சோதனையில், நூலகத்தில் இருந்தவர்களிடம் ஒரு நாணயம் ஒட்டிய அட்டையை நீட்டிவிட்டு ஆள் போய்விடுவார். சில அட்டைகளில், யார் நாங்கள், ஏன் இதைச் செய்கிறோம் என்று விளக்கம்போலத் தோன்றும் வரிகள். மற்றவற்றில் அது இல்லை. சில நிமிடம் கழித்து மனநிலையை விசாரித்தபோது, ஒன்றும் புரியாதவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். காரணம் பிடிபட்ட சம்பவத்தை மனம் கோப்பில் போட்டு மூடிவிடுகிறது. (இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்கும் நான் உங்கள் சந்தோஷத்தைக் குறைக்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.)

நாணயத்தை வைத்து இன்னொரு புகழ்பெற்ற சோதனையும் உண்டு. 1972இல் ஆலிஸ் ஐசனும் பாலா லெவினும் பொதுத் தொலைபேசிப் பெட்டியில் ஒரு நாணயத்தை விட்டு வைத்தார்கள். அதை எடுத்த 16 பேரில் 14 பேர், வழியில் காகிதங்களைத் தவறவிட்ட பெண்ணுக்கு உதவினார்கள். நாணயம் கிடைக்காத 25 பேரில் ஒருவர்தான் உதவினார். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பின்னர் வேறு சிலர் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. எங்காவது இதை மேற்கோள் காட்டினால் சற்றுச் சந்தேகத்தோடே கேளுங்கள்.

துரத்திப் பிடிக்க முயன்றால் என்ன ஆகும்? ஜொனாதன் ஸ்கூலர், டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் 1999 டிசம்பர் 31 இரவுக் கொண்டாட்டத்தை வைத்து இதைப் பார்த்தார்கள். ஆயிரமாண்டு பிறக்கிறது, உலகமே தயாராகிறது. அதிகம் எதிர்பார்த்து அதிகம் மெனக்கெட்டவர்களே அதிகம் ஏமாந்ததாகச் சொன்னார்கள்.

[திரையில்: தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ளும் உருவம். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.]

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. சிறுமூளை நம் கையின் அசைவை முன்கூட்டியே கணித்து, வரப்போகும் உணர்வை அடக்கிவிடுகிறது. சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் 1990களின் இறுதியில் ஓர் இயந்திரக் கையை நடுவில் வைத்து, அசைவுக்கும் தொடுதலுக்கும் இடையே நொடியின் சிறு பங்கு தாமதத்தைப் புகுத்தினார்கள். தாமதம் கூடக் கூடக் கூச்சம் திரும்ப வந்தது. எதிர்பாராத மகிழ்ச்சிக்கும் அந்தச் சங்கடம் உண்டு: நமக்கு நாமே வழங்கிக்கொள்வது கடினம். ஒன்று காலம் கடத்த வேண்டும், இல்லையேல் இன்னொருவர் வேண்டும்.

காலம் கடத்துவதற்கு டிங் ஜாங் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். மாணவர்களிடம் அன்றாடச் சமாச்சாரங்களை எழுதி வாங்கினார்கள்: சமீபத்தில் யாரோடு என்ன பேசினீர்கள், இப்போது கேட்கும் பாட்டுகள் எவை, நண்பர்களுக்குள் ஓடும் நகைச்சுவை என்ன. மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆவலாக இருப்பீர்கள் என்று கேட்டதற்குக் குறைத்தே சொன்னார்கள். படித்தபோது தங்கள் கணிப்பைத் தாண்டி ரசித்தார்கள். விசேஷ நாளைவிடச் சாதாரண நாளின் குறிப்பில்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. விசேஷ நாள் நினைவில் இருக்கும். சாதாரண நாளைத்தான் மறந்து தொலைக்கிறோம்.

இன்னொருவர் என்றால் நெருங்கியவராக இருக்க வேண்டியதில்லை. நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக அமைதியாக இருக்கச் சொன்னார்கள். தனிமையே இனிக்கும் என்பது எல்லோருடைய ஊகம். பேசியவர்களின் பயணமே இனித்தது.

அதே எப்லி, அமித் குமாரோடு சேர்ந்து சிகாகோவின் ஒரு பனிச்சறுக்குத் திடலுக்கும் போனார். அங்கே இருந்தவர்களுக்குச் சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, நீங்கள் குடிக்கலாம் அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் கணித்ததைவிட வாங்கியவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். ஏன் என்று அறியச் சிறு கேக்குகளை வைத்து மறுபடி சோதித்தார்கள். ஆய்வில் கலந்துகொண்டதற்காகக் கேக் பெற்றவர்களைவிட, யாரோ அன்பாக நீட்டிய அதே கேக்கைப் பெற்றவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம். எந்த வழியில் வந்தாலும் கேக் கேக்தானே, ஏறத்தாழ ஒரே அளவுதான் மகிழ்வார்கள் என்று நினைத்தவர்கள் கொடுத்தவர்கள்.