திறந்து கிடக்கும் கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

பேய்ப் படத்தைப் பற்றிப் பேச ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவனை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் எடுத்துக்கொண்ட படம் அப்படிப்பட்டது. 'பாரநார்மல் ஆக்டிவிட்டி'. அதில் கண்ணுக்கு இருக்கும் வேலையைவிடக் காதுக்கு வேலை அதிகம்.

இயக்குநர் ஓரன் பெலி. இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், கம்ப்யூட்டர் புரோகிராமர். படம் எடுத்த அனுபவம் துளியும் கிடையாது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோனார். ராத்திரியில் ஏதேதோ சத்தம் கேட்டது. மரச் சட்டமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடு குளிரக் குளிர முனகத்தான் செய்யும். நம்மில் பலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுவோம். அவர், இதை ஒரு கேமரா பதிவு செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

அதே வீட்டில்தான் படப்பிடிப்பு. அதற்காகவே சுவருக்கு வேறு வண்ணம் அடித்து, தரைவிரிப்பை மாற்றி வீட்டைத் தயார் செய்தார். 2006-இல் ஒரே வாரத்தில் எடுத்து முடித்தார்கள். ஆன செலவு சுமார் 15,000 டாலர். கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் என்ற இரண்டு புதுமுகங்கள். பாத்திரங்களுக்கும் கேட்டி, மைக்கா என்றே பெயர். எழுதி வைத்த வசனம் இல்லை. காட்சி இன்னது என்று சொல்லிவிடுவார், பேச்சு அவர்களுடையது. அந்தத் தடுமாற்றமும், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவதும்தான் ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பது போல நம்மை உட்கார வைக்கிறது.

இனி ராத்திரிக் காட்சிக்கு வருவோம். கதையிலும் வீட்டில் ராத்திரி ஏதோ நடக்கிறது. அது என்ன என்று பிடிக்க, மைக்கா கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டுப் படுக்கிறான். வலது பக்கம் கட்டில், இருவரும் தூங்குகிறார்கள். இடது பக்கம் அறைக் கதவு, திறந்தே கிடக்கிறது. அதற்கு அப்பால் நடை, இருட்டு. திரையின் மூலையில் மணி ஓடுகிறது. கேமரா அசையாது, நெருங்கிப் போய் எதையும் காட்டாது. வழக்கமான படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று இயக்குநர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கே அந்த உதவி இல்லை. நாமே கதவைப் பார்க்கிறோம், போர்வையைப் பார்க்கிறோம், திரும்பவும் கதவைப் பார்க்கிறோம். காவல்காரன் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார் பெலி. வேகமாக ஓடும் மணி எண்கள் சட்டென்று நிதானத்துக்கு வந்துவிட்டால், ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். இரண்டாவது ராத்திரியிலேயே அரங்கம் இதைக் கற்றுக்கொண்டுவிடும். எண்கள் நிதானமான உடனே மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அப்புறம் கதவு கொஞ்சமாக அசையும். அவ்வளவுதான். இந்தக் காட்சிக்கு என்ன செலவு ஆகியிருக்கும், சொல்லுங்கள்?

இப்போது என் துறை. இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. ஒலிப்பதிவில் 'ரூம் டோன்' என்போம். யாரும் பேசாதபோதும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. இசையை எடுத்துவிட்டால் அது மேலே வரும், காது தானாகவே கூர்மையாகும். அந்த நேரம் பார்த்து அடியில் ஓர் உறுமலை ஏற்றுகிறார்கள். தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அது திரையில் கேட்கவில்லை, நம் இருக்கைக்கு அடியில் கேட்கிறது. ஏதாவது தெரிவதற்கு முன்னாலேயே பயம் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு ராத்திரி மைக்கா நடையில் பவுடரைக் கொட்டி வைக்கிறான். காலையில் அதில் தடங்கள். மனிதக் கால் இல்லை. உருவத்தைக் காட்டக் காசில்லாதவர் கண்டுபிடித்த வழி என்று இதைச் சொல்லலாம். காசு இருந்திருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும் என்பது என் கட்சி.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பகல் காட்சிகள் இழுவை. அதைச் சீண்டாதே என்று, ஆவி விஷயம் தெரிந்தவர் என்று கூப்பிட்டு வீட்டுக்கு வந்த ஆள் படித்துப் படித்துச் சொன்ன பிறகும் மைக்கா சவால் விட்டுக்கொண்டிருப்பது எரிச்சலாக வரும். ஆனால் அந்த ஆள் சொல்லும் ஒரு விஷயம் முக்கியம். வீடு மாறிப் பயனில்லை, அந்தப் பேய் எட்டு வயதிலிருந்தே கேட்டியின் பின்னால் வருகிறது. பேய் வீட்டுக் கதைகளில் எப்போதும் மிச்சமிருக்கும் 'காலி பண்ணிட்டுப் போயிடலாமே' என்ற கேள்வியை அந்த ஒரு வரி அடைத்துவிடுகிறது.

2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஸ்க்ரீம்ஃபெஸ்ட்' திகில் பட விழாவில் திரையிட்டார்கள். பிறகு ட்ரீம்வொர்க்ஸ் என்ற ஹாலிவுட் படக் கம்பெனி கைக்குப் போனது. பெரிய செலவில் திரும்ப எடுப்பதாகத்தான் திட்டம். சோதனைக் காட்சியில் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். பிடிக்கவில்லை போல என்று பார்த்தால், பயத்தில் போயிருக்கிறார்கள்! அதோடு திரும்ப எடுக்கும் யோசனை நின்றது. 2009-இல் பாரமவுண்ட் படக் கம்பெனி முதலில் கல்லூரி ஊர்கள் சிலவற்றில் மட்டும் வெளியிட்டு, எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று பத்து லட்சம் பேர் இணையத்தில் கேட்டால் நாடு முழுக்கப் போடுகிறோம் என்றது. கேட்டார்கள். முன்னோட்டத்தில் படத்தைக் காட்டியதைவிட, இருட்டில் அலறும் பார்வையாளர்களைத்தான் காட்டினார்கள். உலக வசூல் 19 கோடி டாலருக்கு மேல்.

கடைசியாக முடிவைப் பற்றி. பார்க்காதவர்கள் கொஞ்ச நேரம் ரேடியோ சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தியேட்டரில் வந்தது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சொன்ன யோசனைப்படி மாற்றிய முடிவு: மைக்காவின் உடல் கேமரா மீது வந்து விழும், கேட்டி நெருங்கி வருவாள், முகம் மாறும், நம் மேல் பாய்வாள். எல்லோரும் கத்துவோம், உண்மை. விழாவில் காட்டிய பழைய முடிவில் கேட்டி கத்தியோடு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள். மூலையில் மணி ஓடும். வெளிச்சம் வரும், போகும், ஃபோன் அடிக்கும், அவள் எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் போலீஸ் வரும். படம் முழுக்க நமக்குச் சொல்லிக்கொடுத்த காத்திருப்பு அந்த முடிவில்தான் இருக்கிறது. ஸ்பீல்பெர்க் பெரிய ஆள்தான். என் ஓட்டு பழைய முடிவுக்கே.

நன்றி, வணக்கம்.