போதையில அசையாம கிடக்கறவரை "தூங்கட்டும்"னு விடாதீங்க

வணக்கங்க. "குடிச்சிருக்கான், எழுப்பாத, தெளிஞ்சா தானா எழுந்துப்பான்"னு வீட்ல சொல்வாங்க பாருங்க, அந்தப் பேச்சாலதான் பல பேருக்கு கிட்னி போகுது.

சாதாரணமா தூங்கறவங்க புரண்டு புரண்டு படுப்பாங்க. அளவு மீறி குடிச்சவரும், வலி மாத்திரையை போதைக்குப் போட்டவரும் புரள மாட்டாங்க. கை உடம்புக்கு அடியில மாட்டி, மணிக்கணக்கா நசுங்கினா அந்தச் சதை செத்து உடையுது. உள்ள இருந்த மையோகுளோபின்ங்கற புரதமும் பொட்டாசியமும் ரத்தத்துல கலக்குது. மையோகுளோபின் கிட்னியோட நுண்குழாய்ங்களை அடைச்சிடும். உடம்புல தண்ணி வத்தியிருந்தா அடைப்பு இன்னும் மோசம். நம்ம வேலூர் கத்திரி வெயில்ல, தகர ஷெட்டுக்குள்ள கிடந்தா கேக்கவே வேணாம்.

காலையில யூரின் டீ டிகாஷன் கலர்ல போச்சுன்னா சூடுன்னு நினைச்சு மோர் குடுத்துட்டு உக்காராதீங்க. யூரின் டெஸ்ட்டுல ரத்தம் இருக்குன்னு வரும், மைக்ராஸ்கோப்புல பார்த்தா சிவப்பணு இருக்காது. அது சதையில இருந்து வந்த மையோகுளோபினா இருக்கும்னு அங்கயே சந்தேகப்படணும். சதை உடையறதைக் காட்டற சிபிகேங்கற ரத்த டெஸ்ட் 1000-க்கு மேல போனா சதை உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், 5000 தாண்டினா கிட்னிக்கு ஆபத்து கூடுது. அந்த சிபிகே அளவு 1 முதல் 3 நாள்ல உச்சத்துக்குப் போகும், அதனால முதல் ரிப்போர்ட்டோட நிறுத்தக்கூடாது. யூரின் கலரே மாறாமலும் இந்தச் சதை உடையற பாதிப்பு வரலாம்.

கிட்னிக்கு முன்னாடி உயிரை எடுக்கறது பொட்டாசியம். திடீர்னு இதயம் நின்னுடும். அதான் போன உடனே ஈசிஜி எடுக்கறாங்க.

உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறது ரொம்பத் தப்பு. கிட்னிக்குப் போற ரத்தத்தை அது இன்னும் குறைக்கும். தெருமுனை கிளினிக்ல ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போட்டுட்டு வர்றதும் பத்தாது. ஆஸ்பத்திரில மணிக்கு 200, 300 மில்லி யூரின் போற அளவுக்கு சலைன் ஏத்தி, அளந்துகிட்டே இருப்பாங்க. யூரினே நின்னுட்டா அதே தண்ணி நுரையீரலுக்குப் போயிடும், அப்போ டயாலிசிஸ்தான். பயந்து வேணாம்னு கையெழுத்துப் போட்டு கூட்டிட்டு வராதீங்க. சில வாரத்துல கிட்னி திரும்பி, டயாலிசிஸை நிறுத்தறவங்கதான் நிறைய.

கையோ காலோ கல்லு மாதிரி வீங்கி, விரலை நீட்டினாலே உயிர் போற வலின்னா, உள்ள அழுத்தம் ஏறியிருக்கு. சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன்ல கிழிச்சு விடலைன்னா அந்தக் கை கால் போயிடும். எண்ணெய் தேச்சு உருவாதீங்க.

எழுப்பி எழலையா, மூச்சு மெதுவா வருதா, உதடு நீலமா இருக்கா, 108-க்கு போன் போடுங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அடுக்கம்பாறை ஜிஹெச்சோ வேற எங்கயோ, என்ன போட்டார், எப்ப போட்டார், எவ்வளவு நேரம் கிடந்தார்னு மறைக்காம சொல்லுங்க, காலி மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டுப் போங்க. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினினும், கால்சியமும் திரும்பப் பாக்கணும். நீங்களா கால்சியம் மாத்திரை குடுக்காதீங்க, கிட்னி தேறும்போது கால்சியம் தானாவே ஏறலாம். போதையை விட உதவி வேணும்னா 14446, காசு கிடையாது.