பெட்டியை அப்படியே கொண்டுவாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

பல வருடம் மூடிக் கிடந்த ஒரு தகரப் பெட்டியைத் திறக்கிறோம். குப்பென்று வினிகர் வாடை அடிக்கிறது. உள்ளே இருக்கும் அசிடேட் பிலிம், அதாவது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய புகைப்படச் சுருள், சிதையத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலமே சிதைவை மேலும் விரட்டும். பக்கத்திலிருக்கும் நல்ல சுருளையும் கெடுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிலிம் சுருங்கி, மேல்படலம் உரிந்து வரிவரியாக எழும்பும். அந்த வரிகளுக்குள் ஒரு காலைநேரத் தெரு சிக்கிக் கிடக்கும்.

தெருவையே படமெடுத்து வாழ்ந்த ஒருவர் இறந்ததும், அவருடைய பிலிம்களைப் பாதுகாத்து வைக்கும் வேலை செய்யும் என்னிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "இதுல நல்ல படம் எதுன்னு சொல்லுங்க, அதை மட்டும் வெச்சுக்கறோம்."

தயவுசெய்து பொறுக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு காண்டாக்ட் ஷீட்டை, அதாவது ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டதை, பார்த்துக்கொண்டிருந்தேன். 36 சிறு கட்டங்கள். முதல் ஐந்தில் வெறும் பேருந்து நிறுத்தம். மழையில் எல்லாம் மங்கல். ஆறாவதில் மழை விட்டிருக்கிறது, ஒரு சிறுவன் தேங்கிய நீரைத் தாண்டுகிறான். ஆறாவதைத்தான் எல்லோரும் எடுத்து வைப்பார்கள். ஆனால் அந்த மனிதர் அங்கே காத்து நின்றார் என்பதற்கு முதல் ஐந்துதானே சாட்சி? அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான்தான் குடை பிடிச்சேன்" என்றார். உடனே உறையின்மேல் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இப்படிச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பாரிஸ் நகரத்து வாசல்களையும் கடைகளையும் படிக்கட்டுகளையும் விடியலில் படமெடுத்த யூஜீன் அட்ஜெ 1927-இல் இறந்தார். தன் கண்ணாடி நெகடிவ்களுக்கு அவரே எண் போட்டு வைத்திருந்தார். அவரிடம் எஞ்சியிருந்ததைப் பெரனிஸ் அபட் என்ற இளம் புகைப்படக் கலைஞர் வாங்கி, நாற்பது ஆண்டுகள் கட்டிக் காத்தார். 1968-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது.

விவியன் மேயருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே பெரும்பாலும் சிகாகோ தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தவர். 2007-இல், பொருள் வைத்திருந்த வாடகைக் கிடங்கின் பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. ஆளுக்கொரு பங்காக வாங்கிப் போனார்கள். வாங்கியவர்களில் ஒருவர், எடுத்தது யாரென்றே தெரியாமல் இருந்தவர், ஸ்டுடியோ உறை ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்த பெயரை 2009-இல் கண்டுபிடித்தார். தேடிப் பார்த்தால், மேயர் சில நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அழுக்கு உறைதானே என்று அதை எறிந்திருந்தால்?

அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவாத சுருள்களே சுமார் 2,500 இருந்தன. தான் எடுத்ததை அவரே பார்க்கவில்லை. அதில் நாம் எதைப் பொறுக்குவது?

ஸ்கேன் செய்தாயிற்றே, நெகடிவ் எதற்கு என்பார்கள். ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் போய்விடும். ஸ்கேன் அவசியம்தான், இரண்டு மூன்று இடத்தில் பிரதியும் வேண்டும்; மூலம் நெகடிவ்தான். நெகடிவ் கையில் இருப்பதால் பதிப்புரிமையும் நம்முடையதாகிவிடாது. அதை வாரிசுகளிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் இப்படிப் பெட்டி இருந்தால், வினிகர் வாடை வீசுவதை மட்டும் தனியே பிரித்து, எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். பிவிசி உறையில் போடாதீர்கள். கட்டியிருக்கும் ரப்பர் பேண்டைக்கூட நானே அவிழ்க்கிறேன். எந்தக் கட்டு எதன்மேல் இருந்தது என்பதை முதலில் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.